மூச்சுவேலி

இது நடக்கும்போது நம் பேரன் பேத்திகளுக்கே தலை நரைத்திருக்கும். ஆகவே இதில் வருகிற ஆட்களை நாம் யாரும் பார்க்கப்போவதில்லை. அதனால் என்ன, அவர்களும் நம்மைப்போலவே காலையில் எழுந்து, காப்பி ஆறிப்போயிற்று என்று சண்டை போட்டுவிட்டு, தேர் பார்க்கப் போகிறவர்கள்தான்.

ஊர் நல்லமங்கலம். ஆனி மாதம் அம்மன் தேர். சாலை மாறி, வண்டி மாறி, தலைக்கு மேலே பறக்கிறதெல்லாம் மாறிய பிறகும் தேர் மட்டும் அப்படியே இருந்தது. மரச்சக்கரம், வடம், இழுக்கக் கை. மாறியது தெருவோரத்துத் தடுப்பு. முதலில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். பிறகு இரும்புத் தடுப்பு வந்தது. எங்கோ ஓர் ஊர்க் கூட்டத்தில், முன்னால் இரும்பும் பின்னால் நெருக்கலுமாகப் பல பேர் நின்ற நிலையிலேயே உயிரை விட்டார்கள். அதற்கப்புறம் விதி வந்தது. திருவிழாவோ பொதுக்கூட்டமோ, தற்காலிகத் தடுப்பு என்று ஒன்று வைத்தால் அது மூச்சுவேலியாகத்தான் இருக்க வேண்டும்.

நல்லமங்கலத்துக்கு அந்த வேலி முதன்முதலாக வந்த வருஷத்தில், நகராட்சியின் தடுப்புப் பிரிவுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள் உலகம்மை. ஐம்பதைத் தாண்டியவள். குரலை உயர்த்தாமலே வேலை வாங்கத் தெரிந்தவள். வேலியோடு கூடவே வந்து இறங்கிய பொறியாளர் ஜெனிட்டா, தூத்துக்குடிப் பெண். தேருக்கு இன்னும் ஒன்றரை மாதம் இருக்கையில் இரண்டு பேரும் தேர் திரும்புகிற தெற்கு முக்கில் வேலியை நட்டுப் பரீட்சை பார்த்தார்கள். தெருவே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது.

வேலி பார்வைக்கு ஒன்றும் பிரமாதமில்லை. இடுப்பு உயரத்துக்கு இரண்டு கால், நடுவில் ஒரு கம்பி, கம்பிமேல் சாம்பல் நிறத்தில் தோல் மாதிரி ஓர் உறை.

“இதுவா தானாத் தாழும்?” என்று கேட்டாள் முக்குக் கடலைக்கடை ஆவுடை.

“தாழும்க்கா. கூட்டத்துல மிதிபட்டுச் சாகுறவங்க கம்மி. நெஞ்சு விரிய இடமில்லாம நின்னபடியேதான் சாகுறாங்க. இந்தத் தோலு பக்கத்துல நிக்கிறவங்க மூச்சைக் கேட்டுக்கிட்டே இருக்கும். மூச்சு குறுகினா கம்பி தரைக்குப் போயிரும். நெருக்கம் தளர்ந்துரும்.”

“என் மூச்சையும் கேக்குமா?”

“எல்லார் மூச்சையும்.”

“அப்பம் நான் வெள்ளப்பூடு தின்னது இன்னேரம் தெரிஞ்சிருக்குமே.”

தெரு சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் உலகம்மையின் வீட்டுக்காரர் தளவாய், அவளுக்குச் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

தளவாய் மைக் செட்காரர். அந்த வட்டாரத்தில் நடந்த திருவிழா எதிலும் அவர் குரல் கேட்காமல் இருந்ததில்லை. ‘பச்சைப் பாவாடை கட்டின குழந்தை, பேரு கேட்டா லட்டுங்குது, பெத்தவங்க மேடைக்கு வரவும்’ என்று அவர் கூப்பிட்டால் பெற்றவர்கள் அழுகையை நிறுத்திச் சிரித்துவிடுவார்கள். நான்கு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு காய்ச்சல் நெஞ்சில் தழும்பு வைத்துவிட்டுப் போயிற்று. இப்போது இரண்டு வார்த்தை பேசுவார், நிறுத்துவார், அப்புறம் இரண்டு வார்த்தை. கேட்டால், ‘டாக்டர் தேவலைன்னுட்டாரு’ என்பார்.

வந்தவர் தூக்கை மனைவியிடம் நீட்டிவிட்டு, களைப்பாற வேலிமேல் சாய்ந்தார். கம்பி சத்தமில்லாமல் தரைக்கு இறங்கியது. தடுமாறிப் போனவரை ஆவுடை பிடித்துக்கொண்டாள்.

“அண்ணாச்சி சாஞ்சா அரண்மனையே சாயும் போலுக்கே” என்றாள். மறுபடியும் சிரிப்பு.

கம்பி மேலே வந்தது. தளவாயும் சிரித்துக்கொண்டே மறுபடி கை வைத்தார். மறுபடி இறங்கியது. மூன்றாந்தரம் அவர் கை வைக்கக்கூட இல்லை, பக்கத்தில் போய் நின்றார், அவ்வளவுதான். அதற்கே இறங்கியது. சிரிப்பு ஒவ்வொரு வாயாக நின்றுபோயிற்று.

“வேலி பழுது” என்றார் தளவாய்.

உலகம்மை வேலியைப் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள். நோய் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். இவ்வளவு என்று தெரியாது. அவளிடம் அவர் சொல்லாததை, தெருவில் நட்டு வைத்த ஒரு கம்பி எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டது.

வீட்டுக்குப் போகிற வழியில் அவளே பேச்சை எடுத்தாள்.

“டாக்டர் என்ன சொன்னாரு?”

“தேவலைன்னாரு.”

“நெசமா என்ன சொன்னாரு?”

அவர் நின்று ஒரு வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார். “இந்தத் தேரைப் பாத்துருவேன்னாரு. அடுத்த தேரைப் பத்தி... நான் கேக்கலை. அவரும் சொல்லலை.”

தடுப்பு விதிகளில் ஒரு விதி இருந்தது. மூச்சுக் குறைவுள்ளவர்கள் வேலியோரம் நிற்கக்கூடாது. அவர்கள் நின்றால் வேலி, கூட்டம் நெரிகிறது என்று எண்ணித் தாழ்ந்துவிடும். ஆகவே அவர்களுக்குப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் தனிப் பந்தல். அதில் நாற்காலி, மின்விசிறி, மோர், தேரைக் காட்டப் பெரிய திரை. விதியை எழுதினவர்கள் கெட்டவர்கள் இல்லை. மோர் வரைக்கும் யோசித்திருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த விதியை ஊரில் நடைமுறைப்படுத்த வேண்டியவளும் உலகம்மைதான்.

“பந்தல்ல இருந்து பாருங்களேன்” என்றாள் அன்று சாயங்காலம். “முன்வரிசையில நின்னாக்கூட அம்புட்டு நல்லாத் தெரியாது.”

தளவாய் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார்.

“ஏளா, தேரோட்டத்தன்னைக்கு நான் என்னைக்காவது தேர் பாத்திருக்கேனா? மைக்கைப் பிடிச்சுக்கிட்டு... செருப்பைப் பாத்துக்கிடுங்க, சங்கிலியைப் பாத்துக்கிடுங்கன்னு கத்திக்கிட்டே இருந்துட்டேன். மேடையில இருந்து பாத்தா தேருக்கு முதுகுதான் தெரியும். கூட்டத்தோட கூட்டமா... ஒருத்தன் முழங்கை நம்ம விலாவுல இடிக்க, ஒருத்தன் வேர்வை நம்ம மேல பட, ஒருநாளாவது நிக்கணும். அம்புட்டுத்தான்.”

“அந்த முழங்கைதான் ஆபத்து.”

“முழங்கை இல்லாத தேரை வீட்டுலயே பாப்பேனே. மோரும் நம்ம வீட்டு மோரு நல்லாருக்கும்.”

மறுநாள் உலகம்மை ஜெனிட்டாவிடம் கேட்டாள், ஒரு வழியும் இல்லையா என்று. ஜெனிட்டா தயங்கித்தான் சொன்னாள்.

“விலக்குன்னு ஒண்ணு இருக்குக்கா. கைரேகை மாதிரி மூச்சுக்கும் ஒரு ரேகை உண்டு. அண்ணாச்சியோட ரேகையை எடுத்து, இந்த மூச்சைக் கேக்காதேன்னு வேலிக்குச் சொல்லிறலாம். அண்ணாச்சி சம்மதிக்கணும். மேற்பார்வையாளரா நீங்களும் சம்மதம்னு உங்க குரல்ல சொல்லணும்.”

“கேக்காதேன்னா?”

“அவரு அங்க நிக்கிறதே வேலிக்குத் தெரியாது.”

“நெசமாவே நெருக்கல் வந்து, அவருக்கு மூச்சு முட்டினா?”

“அப்பவும் தெரியாதுக்கா.”

உலகம்மை கையிலிருந்த டீயைக் குடிக்காமலே வைத்திருந்தாள். “வேற வழி?”

“வேலிக்கு அவரைப் பழக்கணும். இவரு மூச்சு இப்படித்தான், இதுக்குப் பயப்பட வேண்டாம், இதுக்கும் கீழ போனாத்தான் பயப்படணும்னு அதுவே கத்துக்கிடணும். ஆனா அதுக்கு அவரு கூடவே இருக்கணுமே. சிரிக்கையில, கோவத்துல, சாப்பிட்ட பெறகு, படி ஏறின பெறகு, எல்லா மூச்சையும் கேட்டாத்தான் பழகும். ஒரு துண்டு பழகிட்டா எல்லாத் துண்டும் பழகின மாதிரிதான். ஆனா வெயில்ல தெருவுல நிறுத்தியா வைக்க முடியும் அவரை? வேலியைத் தெருவை விட்டு வெளிய கொண்டு போகவும் விதியில இடமில்லை.”

அன்றே தளவாய் அலுவலகத்துக்கு வந்து தன் சம்மதத்தைச் சொல்லிவிட்டார். ‘எனக்கு எது நேர்ந்தாலும் வேலி பொறுப்பில்லை’ என்ற வாசகத்தை, பழைய அறிவிப்புக் குரலை வரவழைத்துக்கொண்டு, மூன்று இடத்தில் நிறுத்திப் படித்தார். படித்து முடித்ததும் உலகம்மையைப் பார்த்துக் கண் சிமிட்டினார். அவள் சொல்ல வேண்டியது ஒரே ஒரு சொல். ‘நீங்க வீட்டுக்குப் போங்க, நான் சொல்லிட்டு வாரேன்’ என்றாள்.

அவர் போன பிறகு குரல் பதிகிற மேசைமுன் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். வரவில்லை. இவர் மூச்சைக் கேட்காதே என்று, அதுவும் தன் குரலில், எப்படிச் சொல்வாள்? உங்களால் முடியுமா, சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்து, ‘சொல்லியாச்சு’ என்றாள். அது பொய்.

அடுத்த நாள் நகராட்சி வண்டியில் வேலித் துண்டு ஒன்று அவள் வீட்டுக்கு வந்து இறங்கியது. முற்றத்தில் துணிக்கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நட்டு வைத்தாள்.

“இது எதுக்கு இங்க?” என்றார் தளவாய்.

“உபரித் துண்டு. கிட்டங்கியில இடமில்லை. தேர் வரைக்கும் கெடக்கட்டும். கொடிக்கயிறும் அந்துபோச்சுல்லா, துணி காயப்போட ஆச்சு.”

கொடிக்கயிற்றை அவள்தான் அறுத்திருந்தாள்.

முதல் வாரம் பெரிய தொல்லை. தளவாய் முற்றத்துக்கு வந்தால் கம்பி இறங்கும். காய்ந்துகொண்டிருந்த வேட்டி, சேலை, தலையணை உறை எல்லாம் தரையில். அவள் எடுத்து உதறி மறுபடி போடுவாள். அவர் பல் தேய்க்க வருவார். மறுபடி தரையில்.

“விலக்கு குடுத்தாச்சுன்னியே. இன்னும் என்னைக் கண்டா விழுந்து கும்பிடுதே.”

“பழைய துண்டு. செய்தி மெதுவாத்தான் ஏறும்.”

“நகராட்சிச் சாமானு. அப்படித்தான் இருக்கும்.”

அவளுக்குத் தெரிந்த தந்திரமெல்லாம் செய்தாள். சாப்பாட்டை முற்றத்தில் வைத்துப் போட்டாள். கத்தரிக்காயில் வேண்டுமென்றே உப்பைக் கூட்டி அவரைக் கோபப்படுத்தினாள். ஆவுடையை வரவழைத்துப் பழைய கதைகளைப் பேசவைத்துச் சிரிக்கவிட்டாள். மாடியில் பரணைப் பாருங்கள் என்று அனுப்பி, இறங்கி வந்தவரை வேலி ஓரமாக உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வேலியும் கேட்டுக்கொண்டே இருந்தது. அவர் இருமினால் ஒரு சாண் இறங்கி, யோசிப்பதுபோல் நின்று, ஏறும். பிறகு அரைச் சாண். பிறகு ஒரு நடுக்கம் மட்டும்.

ஒருநாள் காலையில் அவர் பேப்பர் படித்துக்கொண்டே வந்து மறந்தாற்போல் கம்பியில் முழங்கையை ஊன்றி நின்றார். பக்கத்தில் அவருடைய சட்டை காய்ந்துகொண்டிருந்தது. வேலி அசையவில்லை.

அவர் மெதுவாகப் பேப்பரைத் தாழ்த்தினார். “ஏளா, இங்க வந்து பாரு. விலக்கு வேலை செய்யுது. நான் நிக்கதே இதுக்குத் தெரியலை.”

அடுப்படியில் உலகம்மை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “நல்லதாப் போச்சு” என்றாள்.

தேர் நாள் வந்தது.

முக்குக்கு எதிரே ஒரு பந்தலில் உலகம்மையும் ஜெனிட்டாவும் திரையின்முன் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வலப்பக்க வரிசைக்கும் இடப்பக்க வரிசைக்குமாகப் பச்சைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மூச்சு. இடப்பக்க வரிசையில், வெள்ளை வேட்டி சட்டையில், ஒருத்தன் முழங்கை விலாவில் இடிக்க நின்றுகொண்டிருந்தார் தளவாய். முகம் கல்யாண மாப்பிள்ளை முகம். அந்தப் பக்கம்தான் கவனம் வேண்டிய பக்கம். தேர் வலது பக்கம் திரும்பும்போது அதன் பருத்த பின்புறம் இடப்பக்க வரிசையை உரசுகிற மாதிரி சுற்றி வரும். அந்த நேரத்தில் அங்கே வேலி தாழ்ந்தால், பின்னால் நிற்கிற கூட்டத்தின் கனம் முன்வரிசையைச் சக்கரத்தடியில் கொண்டுபோய்த் தள்ளிவிடும்.

இங்கே ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. என்னைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஊரில் ஒருவருக்கும் அதைச் சொல்லத் தோன்றவில்லை.

நல்லமங்கலத்தில் தெற்கு முக்கில் தேர் திரும்பும்போது ஊரே மூச்சை அடக்கிக்கொள்ளும். யார் எப்போது தொடங்கியது என்று தெரியாது. முக்கு குறுகல், தேர் உயரம். சாய்ந்துவிடப்போகிறதே என்று எந்தக் காலத்திலோ யாரோ நெஞ்சைப் பிடித்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பக்கத்து ஆள். அப்படியே பிள்ளைகள், அவர்கள் பிள்ளைகள். கொட்டு நிற்கும், பேச்சு நிற்கும், மூச்சு நிற்கும். தேர் திரும்பி நேரானதும் ஊர் மொத்தமும் ஒரே மூச்சாக விடும். குலவை கிளம்பும். ஜெனிட்டா வந்த அன்றே எல்லாம் விசாரித்திருந்தாள். வெடி உண்டா, யானை உண்டா, தண்ணீர் பீச்சுவீர்களா, வேறு ஏதும் வழக்கம் உண்டா என்று. உலகம்மை நன்றாக யோசித்துப் பார்த்துவிட்டு, ‘வேற ஒண்ணும் இல்லை’ என்றாள். கண் இமைப்பதை யாராவது வழக்கம் என்று சொல்வார்களா?

தேர் முக்குக்கு வந்தது. கட்டை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் கட்டையைத் தள்ளினார்கள். கொட்டு நின்றது.

திரையில் பச்சைப் புள்ளிகள் ஒன்றுபோல மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாயின.

“அக்கா” என்றாள் ஜெனிட்டா. “அக்கா, மூச்சு நின்னுபோச்சு. எல்லாருக்கும். ஒரு தெருவுக்கே மூச்சு நின்னுபோச்சு. என்னது இது?”

ஜெனிட்டா திரும்பிப் பார்த்தாள். உலகம்மை கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை விரித்துத் தேரையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கையை மட்டும், இரு இரு, என்று ஆட்டினாள்.

“ஐயோ, உங்களுக்கும் என்னக்கா ஆச்சு?” அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். உலகம்மை வாயை இன்னும் இறுக்கிக்கொண்டாள். தேர் இன்னும் திரும்பி முடியவில்லையே.

வலப்பக்க வேலி தாழ்ந்தது. அங்கே நின்றவர்கள் சரிந்து, வெறும் தெருவில் ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். இடப்பக்கத்தில் தேரின் பின்புறம் சுற்றிவரத் தொடங்கியது. அங்கேயும் கம்பி அசைந்தது. ஒரு சாண் இறங்கியது.

நின்றது.

அத்தனை சிவப்புக்கு நடுவில் ஒரே ஒரு புள்ளி பச்சையாக இருந்தது. கொஞ்சம் எழும், நிற்கும், கொஞ்சம் எழும். மூச்சை அடக்க முடியாத ஒரு மனிதர், தன்னால் ஆனமட்டும், எப்போதும்போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். கம்பி யோசிப்பதுபோல் ஒருகணம் நடுங்கி, ஒரு சாண் ஏறி, பழைய இடத்துக்கு வந்தது. தேரின் பின்புறம் அந்த வரிசையின் நெஞ்சுக்கு எதிரே ஒரு முழத் தூரத்தில் கடந்து போயிற்று. தேர் நேரானது. ஊர் மூச்சு விட்டது. குலவை கிளம்பியது.

உலகம்மையும் மூச்சு விட்டாள். அப்புறம்தான் வலப்பக்கம் பார்த்தாள். எழுந்து ஓடினாள்.

நல்லவேளை, சிராய்ப்பு, ஒன்றிரண்டு பேருக்குக் கால் சுளுக்கு. ஆவுடைக்கும் சுளுக்கு. திரும்பி வந்தபோது ஜெனிட்டா தரையில் உட்கார்ந்திருந்தாள்.

“மூச்சை அடக்கிக்கிட்டோம்” என்றாள் உலகம்மை.

“எதுக்கு?”

“தேரு திரும்புதுல்லா.”

“இதை ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?”

“எல்லா ஊர்லயும் அப்படித்தானே?”

ஜெனிட்டா தலையில் கை வைத்துக்கொண்டாள். திரையின் இடப்பக்க வரிசையைக் காட்டி, “நீங்க விலக்குக் குடுக்கலை” என்றாள். “குடுத்திருந்தா அந்தப் பச்சைப் புள்ளி இருந்திருக்காது. அந்தப் பக்கமும் விழுந்திருக்கும். எத்தனை பேரு தேருக்கு அடியில போயிருப்பாங்கன்னு நினைக்கவே முடியலை.” பிறகு கேட்டாள். “எப்படிக்கா பழக்கினீங்க?”

“துணி காயப்போட்டேன்” என்றாள் உலகம்மை.

ஜெனிட்டாவுக்கு விளங்குவதற்குக் கொஞ்ச நேரம் ஆனது. “அத்தனை கூட்டத்துல வேலிக்குத் தெரிஞ்ச ஆளு அண்ணாச்சி ஒருத்தருதான். எல்லாம் தப்பாத் தெரியும்போது நாமளும் தெரிஞ்ச முகத்தைத்தானே பாப்போம்? அவரு சும்மா நிக்காரேன்னு அதுவும் சும்மா நின்னுக்கிடுச்சு.”

அன்று மத்தியானம் வீட்டில் தளவாய்க்குக் கால் தரையில் பாவவில்லை. சட்டையில் யாரோ ஒருவன் வேர்வை, யாரோ ஒரு குழந்தை தேய்த்த குங்குமம். மாற்றமாட்டேன் என்றார். “அந்த வேலி என்னைக் கண்டுக்கிடவே இல்லை, ஏளா. எல்லாரையும் போல நின்னேன்” என்றார். அவள் பேசாமல் சோற்றைப் போட்டாள்.

பேசாமலே இருந்திருக்கலாம். ஆனால் நகராட்சிக் கூட்டத்தில் பேச்சு வேறு மாதிரி போயிற்று. ஒரு வரிசை விழுந்தது, ஒரு வரிசை நின்றது, காரணம் தெரியவில்லை என்றால், விதியை இன்னும் இறுக்க வேண்டும், மூச்சுக் குறைவுள்ளவர்களைத் தெருவுக்கே வரவிடக்கூடாது என்றார் ஓர் உறுப்பினர். கட்டுப்போட்ட காலோடு ஆவுடை வந்திருந்தாள். கடைசி வரிசையில் தளவாயும் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்தாள் உலகம்மை. பிறகு எழுந்து எல்லாவற்றையும் சொன்னாள். விலக்குக் கொடுக்காததை, வேலியை விதியை மீறி வீட்டுக்குக் கொண்டுபோனதை, கொடிக்கயிற்றை அறுத்ததைக்கூட.

நகராட்சித் தலைவியம்மாள் வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். விதி மீறியதற்காக உலகம்மைமேல் கண்டனம் பதிவானது. விதியும் மாறியது. இனிமேல் தேருக்கு ஒரு மாதம் முன்பே வேலி தெருவுக்கு வந்துவிட வேண்டும். வீட்டுக்கு ஒரு துண்டாக முற்றத்தில் இருக்கலாம். தனிப் பந்தல் விருப்பமுள்ளவர்களுக்கு மட்டும்.

“துணி காயப்போடலாமா?” என்று ஓர் உறுப்பினர் கேட்டார்.

“போடலாம்.”

“ஆடு கட்டலாமா?”

“ஆட்டு மூச்சையும் படிச்சுரும். அப்புறம் தேருக்கு ஆட்டையும் கூட்டிட்டு வரணும்” என்றாள் ஆவுடை.

எல்லாரும் சிரித்து முடித்துப் பார்த்தபோது கடைசி வரிசை நாற்காலி காலியாக இருந்தது.

தளவாய் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூச்சில்லாததால் பேசாமல் இருப்பதற்கும் மனசில்லாததால் பேசாமல் இருப்பதற்கும் அவளுக்கு வித்தியாசம் தெரியும். எல்லாரையும் போல நின்றோம் என்று அவர் ஆசையாக வைத்திருந்த ஒன்றை, அத்தனை பேர் முன்னால் அவள் பிடுங்கிக்கொண்டுவிட்டாள். அது அவளுக்கும் தெரியும். அதனால் சமாதானம் சொல்லவும் வழியில்லை.

மூன்றாம் நாள் காலையில் முற்றத்துத் துண்டை எடுத்துப்போக ஜெனிட்டா வந்தாள். பெயர்ப்பதற்கு முன்னால் கையிலிருந்த கருவியை அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

“இதுல ரெண்டு மூச்சு இருக்கே.”

தளவாய் தாழ்வாரத்தில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்தார். உலகம்மை ஈரத்துணியோடு நின்றாள்.

“ஒண்ணு அண்ணாச்சி. முழுசாப் பழகியிருக்கு” என்றாள் ஜெனிட்டா. “இன்னொண்ணு நீங்கக்கா. உங்க மூச்சு மட்டும் இதுக்குப் பிடிபடவே இல்லை.”

“எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கேன்.”

“நல்லாத்தான் இருக்கீங்க. ஆனா அண்ணாச்சிக்கு இருமல் வரும்போதெல்லாம் உங்களுக்கு மூச்சு நிக்குது. அவரு இருமி முடிச்சு, அடுத்த மூச்சை இழுத்த பெறகுதான் நீங்க விடுறீங்க. தூரமா நின்னாலும் அப்படித்தான். ஒரு தடவைகூடத் தவறலை. இது நோயா என்னன்னு தெரியாம வேலி குழம்பிப்போய் இருக்கு.”

உலகம்மை துணியைப் பிழிந்தாள். ஏற்கெனவே பிழிந்த துணி.

பேப்பர் மடங்குகிற சத்தம் கேட்டது. தளவாய் எழுந்து, தாழ்வாரத்துத் தூணைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து, முற்றத்துக்கு வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்றார். கம்பி அசையவில்லை.

“எம்மா ஜெனிட்டா” என்றார். “இதை இப்பம் எடுக்க வேண்டாம். இன்னும் கொஞ்ச நாள்... கெடக்கட்டும்.”

“எதுக்கு அண்ணாச்சி?”

“இவ மூச்சையும் ஒழுங்காப் படிச்சுட்டுப் போகட்டும்.”

அவ்வளவு நீளமாகப் பேசியதில் அவருக்கு இருமல் வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து இருமினார். உலகம்மை துணியைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் போய் நின்றாள். அவர் இருமி முடிப்பதற்கு முன்பே ஒரு மூச்சை இழுத்தாள், விட்டாள், அவர் காதில் விழும்படி.